சைலன்சரைக் கழற்றிய காலமும் கழற்றக் கூடாத காலமும்

தொண்ணூறுகளில் நெய்வேலி ஆர்ச் கேட்டுக்குள் ஒரு பிக்கப் நுழைந்தால், அது யாருடைய வண்டி என்று பார்க்காமலே சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். டாடா 207-க்கு ஒரு குரல், மகிந்திராவுக்கு ஒரு குரல், டெம்போ மேட்டடாருக்கு இன்னொரு குரல். போதாததற்கு ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு பட்டறைக்காரர் கைவேலை. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகள்கூட ஒரே மாதிரி உறுமியதில்லை. இன்று அதே வாசல் வழியாகப் பொலீரோ பிக்கப்பும் தோஸ்தும் இன்ட்ராவும் வரிசையாகப் போகின்றன. என்ஜின் சத்தத்தைவிட டயர் சாலையில் உரசும் சத்தம்தான் காதில் விழுகிறது.

வண்டிகள் மாறிவிட்டன. ஒரு நம்பிக்கை மட்டும் மாறவில்லை. சைலன்சரை மாற்றினால் வண்டிக்கு இழுவை கூடும் என்பது அது. அன்றைக்கு அது பாதி உண்மை. இன்றைக்கு அதே நம்பிக்கையோடு பிக்கப்பைப் பட்டறையில் விடுகிறவர், காசு கொடுத்துத் தன் வண்டியைத் தானே கெடுத்துக்கொள்கிறார். இதை நெய்வேலிக்காரர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம், இந்த ஊரில் பிக்கப் என்பது பொழுதுபோக்கு வண்டி இல்லை. பல வீடுகளில் அதுதான் சோறு.

1956-இல் நிலக்கரிக் கழகம் உருவாகி, 1957-இல் நேரு வந்து முதல் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டு, அடுத்த ஆண்டே மின்சாரம் பிறந்த ஊர் இது. சுரங்கத்துக்குள் மண்ணை வெட்டுவது ராட்சதச் சக்கர இயந்திரங்களின் வேலை. அள்ளிப் போவது கன்வேயர் பெல்ட்டின் வேலை. ஆனால் பெல்ட்டைத் தாங்கும் உருளை, வால்வு, கேபிள் சுருள், வெல்டிங் செட், ஒப்பந்தத் தொழிலாளர்களின் தளவாடம், கேண்டீனுக்கு மளிகை, டவுன்ஷிப் வட்டங்களில் வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ என்று மீதி எல்லாமே சின்ன வண்டிகளில்தான் நகர்ந்தன. ஊருக்கு வெளியே பண்ருட்டிப் பலாவும் முந்திரிக்கொட்டையும் இருந்தன. பருவம் வந்தால் ஒரு பிக்கப்புக்கு இரவு பகல் கிடையாது.

இப்படிப்பட்ட ஓட்டத்தில் முதலில் சாகிறது சைலன்சர்தான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. வண்டி நெடுந்தூரம் ஓடிக் குழாய் முழுக்கச் சுட்டால் அந்த ஆவி வெளியே போய்விடும். ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் போய் ஐந்து நிமிடத்தில் நிற்கிற வண்டியில், கடைசிப் பெட்டி வரைக்கும் சூடு எட்டாது. ஆவி அங்கேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கிவிடும். அந்தக் காலத்து டீசலில் கந்தகமும் அதிகம். தண்ணீரும் கந்தகமும் சேர்ந்து அமிலமாகித் தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்துக்கொண்டு உள்ளே போகும்.

கம்பெனி சைலன்சர் விலை அதிகம். வாங்கக் கடலூருக்கோ பாண்டிக்கோ போக வேண்டும். இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கத்துப் பட்டறைகளில் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். தகட்டை உருட்டி, இரண்டு பக்கமும் மூடி வைத்து, நடுவில் துளை போட்ட குழாயைச் செருகி, கேஸ் வெல்டிங்கில் அடைத்துக் கொடுப்பார்கள். கம்பெனிப் பெட்டிக்குள் அறை அறையாகத் தடுப்புத் தகடுகள் இருக்கும். புகை முட்டி மோதி வளைந்து வருவதற்குள் சத்தம் அடங்கும். பட்டறைப் பெட்டியில் அந்த அறைகள் இல்லை. புகை நேராக வரும். சத்தமும் நேராக வரும். அவசரத்துக்குப் பெட்டியே இல்லாமல் நேர்க்குழாயை வைத்து அனுப்பிய நாட்களும் உண்டு.

அப்படி மாற்றிய வண்டியை எடுத்துப் போன டிரைவர் மறுநாள் வந்து, “அண்ணே, வண்டி பறக்குதுண்ணே” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கழற்றிய பழைய பெட்டிக்குள் தடுப்புத் தகடு உடைந்து குறுக்கே விழுந்து கிடக்கும். ஆண்டுக்கணக்கான கரி துளைகளை அடைத்திருக்கும். மூச்சு முட்டிக் கிடந்த என்ஜினுக்கு வழி திறந்துவிட்டதால் வந்த சுகம் அது. புதுக் கம்பெனிப் பெட்டியைப் போட்டிருந்தாலும் அதே சுகம் கிடைத்திருக்கும். ஆனால் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ஆகவே புகழ் முழுவதும் நேர்க்குழாய்க்குப் போனது.

இன்னொன்றும் நடந்தது. சைலன்சர் வேலைக்கு வந்த வண்டிக்குக் கையோடு பம்பையும் தொட்டுவிடுவார்கள். டீசல் பம்பில் ஒரு திருகாணி உண்டு. அதைக் கொஞ்சம் திருகினால் ஒவ்வொரு வெடிப்புக்கும் போகிற டீசல் கூடும். டீசல் என்ஜினில் சக்தியை முடிவு செய்வது டீசலின் அளவு. ஆக்சிலரேட்டரை மிதிப்பதே அதற்குத்தான். எனவே உண்மையான இழுவை வந்தது பம்ப் வழியாக. காற்று அதே அளவுதான் உள்ளே போகிறது, டீசல் மட்டும் கூடியிருக்கிறது என்றால், எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியே வரும். ஆர்ச் கேட்டைத் தாண்டி வடலூர்ச் சாலையில் ஏறியதும் பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டது இந்தப் ‘பறக்கிற’ வண்டிகளால்தான்.

குழாயால் மட்டும் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.5 லிட்டர் என்ஜின், டர்போ இல்லை, நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கிறது. ஆக நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,750 லிட்டர் காற்று உள்ளே போகும். அது எரிந்து, நானூறு டிகிரிச் சூட்டில் விரிந்து வெளியேறும்போது ஏறக்குறைய எட்டாயிரம் லிட்டர். இந்த வேகத்தில் குழாய் குறுகலாக இருந்தால் என்ஜினுக்குச் சிரமம்தான். அதே என்ஜின் 1,500 சுற்றில் ஓடும்போது இதில் பாதிக்கு மேல் வராது. அப்போது கம்பெனிக் குழாயே தாராளம்.

பாரம் ஏற்றிய பிக்கப் எந்தச் சுற்றில் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. பலாப்பழம் ஏற்றிக்கொண்டு பண்ருட்டியிலிருந்து வருகிற வண்டி பெரும்பாலும் 1,500-க்கும் 2,500-க்கும் நடுவில்தான் இருக்கும். பொலீரோ பிக்கப்பில் இருக்கும் 2,523 சிசி என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழு இழுவையான 200 நியூட்டன் மீட்டர் 1,400-இல் தொடங்கி 2,200 சுற்றுக்குள் கிடைத்துவிடுகிறது. அதன் உச்ச சக்தி கிடைப்பதே 3,200 சுற்றில்தான். பெரிய குழாய் பலன் தருகிற உயரத்துக்கு இந்த வண்டி போவதே அபூர்வம். ஆறாயிரம் ஏழாயிரம் சுற்றில் ஓடுகிற பெட்ரோல் ரேஸ் காருக்கு, மேனிஃபோல்டிலிருந்து கடைசி முனைவரை அளந்து செய்த குழாய் நல்ல லாபம் தரும். அந்தக் காரின் கணக்கை மூட்டை சுமக்கிற டீசல் வண்டிக்குக் கொண்டுவருவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

டர்போ இல்லாத வண்டியில் குழாயை மிதமிஞ்சி அகலமாக்குவதால் குறைந்த சுற்றில் பலவீனம்கூட வரும். போர்வெல் மோட்டாரில் இரண்டங்குல ஹோஸைக் கழற்றி நாலங்குல ஹோஸைப் போட்டால் தண்ணீர் வேகம் தளர்ந்து வழியுமே, அதுபோல அகலக் குழாயில் புகையின் வேகம் தளர்கிறது. வேகமாகப் போகிற புகை தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். அது அடுத்த சிலிண்டர் காலியாக உதவும். அந்த உதவி குறைந்துவிடும். குட்டியானை என்கிற டாடா ஏஸ் வாங்கியவர்கள் சிலர் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள். 2005-இல் வந்த டாடா ஏஸின் என்ஜின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். அதற்கு எந்தச் சைலன்சரை மாட்டினாலும் 16 குதிரை 18 ஆகப் போவதில்லை. சத்தம் மட்டும் லாரியைப் போல் வரும்.

சத்தம் மனிதனை ஏமாற்றக் கூடியது. அதே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், உறுமுகிற வண்டி விரைவதாகவும் அமைதியான வண்டி தவழ்வதாகவும் நமக்குத் தோன்றும். வண்டியில் உட்கார்ந்திருக்கிறவரின் உடம்பு சொல்வதை நம்பாமல் கடிகாரத்தையும் டீசல் பில்லையும் வைத்துப் பார்த்த ஓட்டுநர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் வண்டியில் கம்பெனி சைலன்சர்தான் தொங்கியது.

நடுவில் ஒரு காலம் உண்டு. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2000-க்குப் பிறகு பிக்கப்களில் டர்போ பரவியது. பிறகு கணினி கட்டுப்படுத்துகிற காமன் ரெயில் டீசல் பீய்ச்சுமுறை வந்தது. டீசலில் இருக்கிற சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகப் புகையோடு வெளியே போய்விடுகிறது. அதில் கொஞ்சத்தைப் பிடித்து ஒரு விசிறியைச் சுழற்றி, அந்த விசிறியால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிப்பது டர்போ. விசிறிக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால் அது வேகமாகச் சுற்றும். ஆகவே டர்போவுக்குப் பின்னால் தடையில்லாத குழாய் இருந்தால் விசிறி கொஞ்சம் முன்னதாகவே எழும். புகையின் சூடும் இறங்கும். பிஎஸ்-3, பிஎஸ்-4 என்கிற புகை விதிகளின் காலத்து டர்போ பிக்கப்பில் ஒழுங்காக அளவெடுத்துச் செய்த குழாயும், அதற்கேற்பத் திருத்திய கணினி மேப்பும் சேர்ந்தால் ஓட்டும்போது தெரிகிற அளவுக்கு வித்தியாசம் கிடைத்தது உண்மை. இங்கேயும் பெரும்பங்கு வேலையைச் செய்தது மேப்தான். குழாயை மட்டும் மாற்றியவருக்குக் கிடைத்தது சொற்பம்.

அந்தக் காலம் முடிந்த தேதி எல்லோருக்கும் தெரியும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4 வண்டி விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிஎஸ்-5 என்ற படியே இல்லாமல் நாடு நேராக பிஎஸ்-6-க்குத் தாவியது. டீசலில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்த கந்தகம் 10 பங்காக இறங்கியது. எடை கூடிய பிக்கப் வகைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் வரை விடலாம் என்றிருந்த கரித்துகள் 4.5 மில்லிகிராமாகச் சுருங்கியது. எடையை அளந்தால் மட்டும் போதாது என்று துகள்களை எண்ணவும் தொடங்கினார்கள். கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகள்களுக்கு மேல் போகக் கூடாது. கேட்க மிகப்பெரிய எண். ஆனால் வடிகட்டி இல்லாத டீசல் என்ஜின் விடுவதோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்ன எண்.

இன்றைய பிக்கப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தால் இந்த எண்கள் எப்படிச் சாத்தியமாயின என்பது புரியும். டர்போவை விட்டு இறங்கிய குழாய் முதலில் ஒரு வேதிக் கலத்துக்குள் போகிறது. அடுத்து டிபிஎஃப் என்கிற துகள் வடிகட்டி. பீங்கான் கட்டி ஒன்றில் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான சதுரத் துளைகள். ஒன்றுவிட்டு ஒன்றாக இந்த முனையில் பாதியும் அந்த முனையில் பாதியும் அடைத்திருக்கும். உள்ளே போன புகை வந்த வழியே வெளியேற முடியாது. சுவரின் நுண்துளை வழியாகப் பக்கத்துத் துளைக்குக் கசிந்துதான் போக வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்க மெல்லிய குழாய்கள், வெப்பத்தை அளக்க சென்சார்கள், சில வகைகளில் நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்க இன்னொன்று. இவை எல்லாம் நொடிக்கு நொடி கணினிக்குச் சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதியை வைத்துத்தான் எவ்வளவு டீசல் பீய்ச்சுவது, எவ்வளவு புகையைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்வது, டர்போவை எவ்வளவு சுழலவிடுவது என்று கணினி முடிவெடுக்கிறது. அந்தக் காலத்து சைலன்சர் என்ஜின் வேலையை முடித்த பிறகு தொடங்கும் ஒரு குழாய். இன்றைக்கு என்ஜினின் வேலையே அந்தக் குழாயின் கடைசி சென்சார் வரைக்கும் நீள்கிறது.

வடலூர்ச் சாலைப் பட்டறை ஒன்றில் நான் பார்த்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்திரி ஏற்றுகிற பிக்கப், வாங்கி மூன்றாவது வருடம். டிபிஎஃப் பெட்டியைக் கட்டிங் மெஷினால் வகுந்து தரையில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு பையன் கடப்பாரையால் உள்ளே இருந்த பீங்கானை இடித்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறத்தில் மாவு மாவாகக் கொட்டியது. அவன் மூக்கைச் சுற்றிக் கறுப்பு வளையம். முகத்தில் துணிகூட இல்லை. இடித்து முடித்த வெறும் கூட்டைத் திரும்ப வெல்டிங் வைத்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்தார்கள். வெளியே பார்த்தால் கம்பெனிப் பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை.

“ஏன் தம்பி எடுக்குறீங்க?” என்று கேட்டேன்.

“அடிக்கடி லைட் எரியுது சார். வண்டி இழுக்கல. எடுத்துட்டா ஃப்ரீ ஆயிடும்.”

“எடுத்துட்டா லைட் எரியாதா?”

“எரியும் சார். அதுக்கு லேப்டாப்பு வச்சு ஆளு தனியா வரணும்.”

அழுத்தச் சென்சார் இரண்டு பக்கமும் ஒரே அளவைக் காட்டினால் கணினிக்குச் சந்தேகம் வருகிறது. உடனே எச்சரிக்கை விளக்கைப் போட்டு, என்ஜினின் சக்தியைக் குறைத்துவிடுகிறது. வண்டி நாற்பதைத் தாண்ட மறுக்கும். ஆகவே வடிகட்டியை இடித்ததோடு வேலை முடியாது. கணினியின் நினைவிலிருந்தும் அதை அழித்தாக வேண்டும். அந்த மேப்பை எழுதுகிறவர் எங்கிருந்தோ கிடைத்த ஒரு கோப்பைத்தான் ஏற்றுகிறார். இந்த வண்டிக்கு, இந்தச் சூட்டுக்கு, இந்தப் பாரத்துக்கு என்று யாரும் சோதித்தது கிடையாது. டீசல் கூடினால் புகையின் சூடு கூடும். அந்தச் சூடு முதலில் டர்போவைத்தான் பதம் பார்க்கும். வாரன்டி அன்றைக்கே போய்விட்டது.

டிபிஎஃப் எடுத்தால் மைலேஜ் துளியும் கூடாது என்று நான் சொல்லவில்லை. கரி நிறைந்த வடிகட்டி என்ஜினுக்குத் தடைதான். அதைச் சுத்தம் செய்யக் கொஞ்சம் டீசல் கூடுதலாக எரிவதும் உண்மை. மேப் நன்றாக அமைந்தால் அந்தச் சிறு தொகை மிச்சமாகும். ஆனால் ஒரு டர்போவின் விலையை அந்த மிச்சத்தால் அடைக்கப் பல வருடம் ஆகும். மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி என்கிற தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த வெறும் கூட்டை வைத்துக்கொண்டு பயந்துகொண்டே போக வேண்டியிருக்கும்.

அந்த வண்டிக்கு உண்மையில் என்ன குறை? டவுன்ஷிப் ஓட்டம்தான். அன்றைக்கு சைலன்சரைத் துருப்பிடிக்க வைத்த அதே ஐந்து நிமிட ஓட்டம் இன்று டிபிஎஃப்பை அடைக்கிறது. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரிச் சூடு வேண்டும். கணினி கொஞ்சம் டீசலைக் கடைசி நேரத்தில் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்கும். இதற்கு வண்டி நிற்காமல் கால் மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் கரியும் எரியாது. பீய்ச்சிய டீசல் ஆயிலில் கலந்துவிடும். நாள் முழுக்க வட்டங்களுக்குள் விட்டு விட்டு ஓடுகிற வண்டி வாரத்தில் ஒருநாளாவது வடலூர் தாண்டிக் கும்பகோணம் சாலையிலோ, விருத்தாசலம் சாலையிலோ அரை மணி நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். சுத்தம் செய்யச் சொல்லி விளக்கு எரிந்தால் அன்றைக்கே ஓட்ட வேண்டும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் சர்வீஸ் சென்டரில் கருவி மாட்டித்தான் எரிக்க முடியும். ஆயிலும் முக்கியம். சாம்பல் குறைந்த வகை என்று கையேட்டில் போட்டிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். கரியை எரித்துவிடலாம், மட்டமான ஆயிலிலிருந்து வருகிற சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிவிடும். முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பங்குனி சித்திரையில் காய்ந்த சருகின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். கரி எரிந்துகொண்டிருக்கும்போது அடிப்பகுதி தீப்பிடிக்க வைக்கிற சூட்டில் இருக்கும்.

சட்டமும் அன்றைப் போல் இல்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ளபடிதான் வண்டி இருக்க வேண்டும், கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகை, இரைச்சல் விதியை மீறி ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும்.

பிடிக்கிற கருவிதான் பின்தங்கி நிற்கிறது. புகைச் சான்று கொடுக்கிற இடத்தில் இன்றும் புகையின் கறுப்பைத்தான் அளக்கிறார்கள். புதிய என்ஜினில் டிபிஎஃப்பை இடித்து எடுத்தாலும் புகை கண்ணுக்குத் தெரியும்படி கறுப்பாக வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் பல மடங்கு கூடும். அதனால்தான் பெல்ஜியம் 2022-லும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-லும் ஆண்டுச் சோதனையில் துகளை எண்ணுகிற கருவியைக் கொண்டுவந்தன. நம் சோதனை மையங்களுக்கும் அது வர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. அமெரிக்காவின் கதை நமக்குப் பாடமாக இருக்கிறது. பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிப் புகைக்கட்டுப்பாட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2020-இல் மதிப்பிட்டது. அதனால் வெளியேறிய கூடுதல் நைட்ரஜன் ஆக்ஸைடு 5,70,000 டன். கழற்றாத வண்டிகள் தொண்ணூறு லட்சம் கூடுதலாக ஓடியிருந்தால்தான் அவ்வளவு வந்திருக்கும்.

நெய்வேலிக்கு இதில் தனிக் கவலை உண்டு. நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைக் கேட்டாலே போதும். சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் புதிய நிலையம் மின்சாரம் தருகிறது. அனல்மின் நிலையங்களின் புகைக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு கடுமையான வரம்புகளை வகுத்தது. பெரிய புகைபோக்கியிடம் நியாயம் கேட்கிற உரிமை நமக்கு உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தப் புகை நூறு மீட்டருக்கும் மேலே போய்க் கலைகிறது. பிக்கப்பின் குழாய் இருப்பது பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பிள்ளையின் முழங்கால் உயரத்தில். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்துவிட்டது. அன்றைக்குக் கரும்புகை விட்ட 207-க்காரருக்கு இது தெரியாது. இன்றைக்குத் தெரிந்தே செய்வதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

இந்த ஊரின் பழைய தொழிற்சாலை ஒன்றையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அறுபதுகளில் தொடங்கிப் பல்லாண்டு காலம் நெய்வேலி யூரியா தயாரித்தது. அது வயல்களுக்குப் போனது. இன்று நெய்வேலியில் யூரியா ஆலை இல்லை. ஆனால் நெடுஞ்சாலை பங்க்குகளில் நீலக் கேனில் அதே யூரியாவை 32.5 சதவீதக் கரைசலாக விற்கிறார்கள். டெஃப் என்று பெயர். லாரிகளும் சில சின்ன வண்டிகளும் அதைப் புகைக்குழாயில் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடை நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றிக்கொள்கின்றன. அதிலும் ஏமாற்றுச் சிப் மாட்டி டெஃப் ஊற்றாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாகிறது ஒரு கேன் விலை.

பட்டறைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைச் செய்துகொடுக்கிறார்கள். அவர்கள் கைத்திறனுக்கு இன்றும் நல்ல வேலை இருக்கிறது: பிஎஸ்-6-க்கு முந்தைய வண்டிகளுக்கு உள்ளறைகளோடு ஒழுங்கான பெட்டி செய்வது, துருப்பிடிக்காத ஸ்டீலில் பின்குழாய் போடுவது, கழன்று ஆடுகிற ரப்பர் தாங்கிகளை மாற்றுவது, டிபிஎஃப்பைக் கழற்றி முறையாகச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்வது. கடைசியில் சொன்னதுதான் இனி வருமானம் தரப்போகும் தொழில். மந்தாரக்குப்பத்தில் யாராவது அதற்கான கருவியை வாங்கிப் போட்டால் சுற்றுவட்டாரப் பிக்கப் முழுவதும் அங்கே வரிசையில் நிற்கும்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான டீசல் வண்டி என்றால், விலை பேசும் முன் என்ஜின் ஆறியிருக்கும்போது பின்குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருக்கிற வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாகவே வரும். மைபோல் கறுப்பு ஒட்டினால் உள்ளே வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது இடித்து எடுத்திருக்கிறார்கள். அந்த வண்டியை வாங்காதீர்கள்.